மறியலிலிருந்து வந்த பிள்ளைகள்

களவு கொடுத்தவர்கள் முன்னேஸ்வரத்துக்கு வருவது இன்று நேற்றுத் தொடங்கிய வழக்கமல்ல. சிலாபத்திலிருந்து குருநாகல் பக்கம் போகும் வீதியில் சிறிது தூரத்தில் முன்னைநாதரும் வடிவாம்பிகை அம்பாளும் இருக்கும் பெரிய கோயில் வரும். பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்று. அதன் அயலிலேயே காளி கோயில். பிள்ளை வரம், பரீட்சை, கலியாணம் எல்லாம் பெரிய கோயிலில் கேட்பார்கள். மாடு களவு போனால், சங்கிலி அறுபட்டால், காணி உறுதியில் ஏமாந்தால், கடன் வாங்கினவன் தலைமறைவானால் காளியிடம் வருவார்கள். தமிழர்கள் மட்டுமல்ல, தூரத்து ஊர்களிலிருந்து சிங்களச் சனமும் பஸ் பிடித்து வரும். எடுத்தவன் பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லி, தெரியாவிட்டால் "யாராயிருந்தாலும்" என்று சொல்லி, தேங்காயை ஓங்கி அடிப்பார்கள். அவன் கை முறிய வேண்டும், கால் விளங்காமல் போக வேண்டும், அவன் வீட்டில் அடுப்பெரியக் கூடாது என்று வாய்விட்டுக் கேட்பார்கள்.

மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1975இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். முன்னேஸ்வரம் காளி கோயிலுக்கும் தெற்கே சீனிகம தேவாலயத்துக்கும் சாபம் போட வந்தவர்களை வைத்து எழுதியது. கொலை வரைக்கும் போயிருக்கக்கூடிய கோபம் இந்த இடங்களில் சாபமாக இறங்குகிறது என்பது அவருடைய வாதம். புத்தகம் படிக்காமலே, காளி கோயில் இருக்கும் எங்கள் தெருவுக்கு அது தெரியும். கத்தியோடு புறப்பட வேண்டிய மனிதர் தேங்காயோடு வந்தார். உடைத்துவிட்டு, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

அந்தத் தெருவில் வளர்ந்த நான் இப்போது உளவளத்துணையாளர். என் வேலை, சிறையிலிருந்து வெளியே வருபவர்களோடு. கள்ளனின் கை முறிய வேண்டும் என்று கேட்கும் தெருவிலே, அதே கள்ளனுக்கு நித்திரை வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, வேலை ஏதும் கிடைத்ததா என்று விசாரித்துக்கொண்டு நடக்கிறேன். "மிஸ், களவு குடுத்தவங்களுக்கு யார் ஆறுதல் சொல்றது?" என்று ஊரில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த வயிற்றெரிச்சலைச் சின்ன வயதிலிருந்து பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். தேங்காய் உடைக்காதீர்கள் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். ஆனால் சாபம் போட்டவர் வீட்டுக்குப் போன பிறகு, தண்டனை அனுபவித்தவனும் ஒரு நாள் வீட்டுக்குத்தான் வருகிறான். அந்த வருகையைப் பற்றி யோசித்து வைத்திருப்பவர்கள் குறைவு.

சென்ற தலைமுறையில் அதை யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என் சிறு வயதில் மறியலுக்குப் போனவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணத்துக்காகப் போனார்கள். ஒன்று தேங்காய்க் களவு. புத்தளம், குருநாகல், கம்பஹா என்று நீளும் தென்னை முக்கோணத்தில் இருக்கிறோம். வேலிக்கு அந்தப் பக்கம் காய் விழுந்து கிடக்கும், இந்தப் பக்கம் பசி இருக்கும். மற்றது கசிப்பு. வடித்தவன் பிடிபட்டால் தண்டப்பணம், கட்ட வழியில்லாவிட்டால் மறியல். போய்விட்டு வந்தவனை அம்மா படலையிலேயே நிறுத்தி, தலையில் மஞ்சள் தண்ணீர் வார்த்து, நேரே கோயிலுக்குக் கூட்டிப்போவாள். ஒரு கிழமைக்கு ஊர் கண்ணால் அளக்கும். பிறகு சம்மாட்டியின் ஆள் வந்து கூப்பிடுவான்.

அந்தச் சம்மாட்டியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. உடப்பிலும் சிலாபத்துக் கரையிலும் அப்போது கரைவலைதான் பெரிய தொழில்; வலைக்குச் சொந்தக்காரர் சம்மாட்டி. வலையைத் தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துவிட்டு, இரண்டு கயிற்றையும் கரையில் நின்று மணிக்கணக்காக இழுக்க வேண்டும். முப்பது நாற்பது பேர் இல்லாமல் மடி கரையேறாது. உடப்பு மக்கள் அம்பாப் பாட்டுப் பாடி இழுப்பார்கள். அந்தக் கயிற்றில் யார் யாருக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. சம்மாட்டிக்கு வேண்டியது தோள். நேற்று வாரியபொல சிறையிலிருந்து வந்தவனும், கோயிலில் தேவாரம் பாடுகிறவரும் ஒரே கயிற்றில் நிற்பார்கள். பாடு நன்றாக விழுந்தால் இருவருக்கும் பங்கு. விழாவிட்டால் இருவருக்கும் கறிக்கு மீன். அடையாள அட்டை கேட்டதில்லை, பொலிஸ் அறிக்கை கேட்டதில்லை. விடிய நாலு மணிக்கு ஒருவன் வராவிட்டால் மட்டும் "அவன் எங்க?" என்று ஒரு குரல் கேட்கும். வீட்டுக்கு ஆள் போகும்.

நான் படித்த பாடநெறிகளில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் இருந்தன. எங்கள் கரையில் அதைக் கயிறு இழுப்பு என்றார்கள். மறியலிலிருந்து வந்தவர்களை ஊரோடு சேர்த்துக்கொண்ட நிறுவனம் எங்களுக்கு ஒன்று இருந்திருக்கிறது, அது கரைவலை என்பது எனக்கு அந்த வலைகள் குறைந்து போன பிறகுதான் தெளிவாகத் தெரிகிறது.

பழைய காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு மனமில்லை. காய் பொறுக்கிய பையனைத் தென்னையோடு கட்டி வைத்து, மாலை வரை அடித்ததைப் பார்த்த ஊர் இது. ஒரு பெண் கசிப்பு விற்றுப் பிடிபட்டு வந்தால் அவளுக்கு மஞ்சள் தண்ணீரும் கிடையாது, கயிற்றில் இடமும் கிடையாது. ஆண்களைச் சேர்த்துக்கொண்ட அந்தக் கரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இன்றும் சிறையிலிருந்து வரும் பெண்களுக்கு வேலை தேடுவதை விட, அவர்கள் பெற்ற பிள்ளைகளை அவர்களுக்குக் காட்டச் சம்மதிக்கும் உறவினரைத் தேடுவதிலேயே எனக்கு அதிக நேரம் போகிறது. "புள்ள பெரிய பள்ளிக்கூடத்தில படிக்குது, இவ வந்து வாசல்ல நிக்கப்போறாவா?" என்று மாமியார் கேட்பாள். அந்தத் தாய் பஸ் நிலையத்தில் காத்திருப்பாள். இதில் அன்றும் இன்றும் ஒரே கதைதான், அதனால்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

ஆண்களின் கதையோ தலைகீழாகிவிட்டது. கரையில் பல இடங்களில் உழவு இயந்திரம் கயிற்றைச் சுற்றி இழுக்கத் தொடங்கியது. பத்துத் தோள் போதும் என்றானது. ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுகளில் ஏறுகிறவனுக்குப் பத்திரம் வேண்டும். எண்பதுகளில் சிலாபம் களப்பைச் சுற்றி இறால் பண்ணைகள் வந்தபோது நிறையப் பேருக்கு வேலை கிடைத்தது; 1996இல் வெண்புள்ளி நோய் வந்து குளங்கள் வெறுமையாகின. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. சிறு படகு வைத்திருந்தவர்கள் தங்கள் மகனையே கூட்டிப்போக முடியாமல் இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தார்கள். மறியலிலிருந்து வந்தவனை அதில் யார் கூப்பிடுவது? அந்த ஆண்டு அவுஸ்திரேலியாவுக்குப் படகேறித் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் என்னிடம் வந்தார்கள். களவெடுக்கவில்லை, அடிக்கவில்லை. நாட்டை விட்டுப் போகப் பார்த்ததற்காக நீதிமன்ற வாசலில் நின்றவர்கள். பரம்பரையாகக் கடலுக்குப் போய் வந்த குடும்பத்தில், கடலுக்குப் போனதற்காக வழக்கு விழுந்த முதல் பிள்ளைகள் அவர்கள்.

கயிறு கையை விட்டுப் போன அதே காலத்தில் சட்டங்கள் வளர்ந்தன. அவற்றின் கதை பழையது. கொழும்பில் வெலிக்கடைச் சிறை கட்டப்பட்டது 1841இல். அதே ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தில், ஜோன் ஒகஸ்டஸ் என்ற சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி நீதிமன்றத்துக்குப் போய், குடிவெறிக் குற்றத்தில் நின்ற ஒருவனுக்குத் தான் பொறுப்பு என்று சொல்லிப் பிணை எடுத்தார். மூன்று கிழமை கழித்து அவனைக் கூட்டிவருவதாக வாக்குக் கொடுத்தார். அவன் தெளிந்த மனிதனாக வந்து நின்றான். நன்னடத்தைக் கண்காணிப்பு என்று உலகம் முழுதும் இன்று நடக்கும் வேலைக்கு அந்தத் தொழிலாளியைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். இங்கே அதற்கான சட்டம் 1944இல் வந்தது. 1999இன் 46ஆம் இலக்கச் சட்டம் சமுதாயஞ்சார் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது: சிறு குற்றம் செய்தவனைச் சிறைக்கு அனுப்பாமல், சம்பளமில்லாத பொதுவேலை செய்யச் சொல்லி நீதவான் கட்டளையிடலாம். நல்ல சட்டம். என் சிறு வயதில் மறியலுக்குப் போன கசிப்புக்காரரின் மகன், அதே குற்றத்துக்கு ஆஸ்பத்திரி வளவைக் கூட்டிவிட்டு மாலையில் வீட்டில் சோறு தின்பதைக் கண்டிருக்கிறேன். 2023இல் புனர்வாழ்வுப் பணியகச் சட்டம் வந்தது. அதன் முதல் வரைபு முழுவதும் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொல்ல, திருத்தி நிறைவேற்றினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியது. போதைப்பொருள் சந்தேகத்தில் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். ஏற்கெனவே கொள்ளளவைப் போல இரு மடங்குக்கும் மேல் ஆட்கள் அடைபட்டிருந்த சிறைகளில் அவர்களையும் அடைத்தார்கள்.

இன்னொன்று மட்டும் மாறவே இல்லை. தண்டனை பெற்றுச் சிறைக்குள் போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், ஆண்டுக்காண்டு, தண்டப்பணம் கட்ட முடியாததால் போகிறவர்கள். அவர்களை உள்ளே வைத்துச் சோறு போட அரசுக்கு ஆகும் செலவு, அவர்கள் கட்டத் தவறிய பணத்தை விடப் பல வேளைகளில் அதிகம். தவணையில் கட்ட நீதிமன்றத்திடம் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் தமிழில் எடுத்துச் சொல்லிக் கேட்க ஆளில்லை.

வெசாக்கில் பொதுமன்னிப்பு வரும். சிறை வாசலில் தொலைக்காட்சிக் கமரா நிற்கும். வெளியே வருகிறவர்கள் கும்பிடுவார்கள். மன்னிப்பு பெறுகிறவர்களில் பெரும்பகுதி அந்தத் தண்டப்பணக்காரர்கள்தான். அன்று வீதியெல்லாம் தானசாலை, சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெசாக் அன்றும் மறுநாளும் அரச விடுமுறை. பிரதேச செயலகம் பூட்டு, கிராம உத்தியோகத்தர் ஊரில் இல்லை, கிளினிக் இல்லை. நாட்டின் மிகப் பெரிய கருணை நாளில் வெளியே வருகிறவனுக்கு, தொலைந்த அடையாள அட்டைக்கு விண்ணப்பம் கொடுக்கவும், நெஞ்சு படபடப்புக்கு மருந்து வாங்கவும் ஓர் அலுவலகமும் திறந்திருக்காது. திறந்திருப்பது தூள் விற்கிறவனின் தொலைபேசி மட்டும். இரண்டு நாள் முன்னதாகவோ பின்னதாகவோ விடுதலை செய்யுங்கள் என்று கேட்பதில் எனக்கு வெட்கமில்லை. புண்ணியம் குறையாது.

இதை நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்த முப்பதாயிரம் பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று 2007இல் வெளியானது. வெளியே வந்த முதல் இரண்டு கிழமையில் அவர்கள் சாகும் அபாயம் அதே வயது, அதே பால் சாதாரண மக்களை விட 12 மடங்குக்கும் மேல். முதற்காரணம், அளவுக்கு மீறிய போதைப்பொருள். உள்ளே இருந்த மாதங்களில் உடம்பு அந்த நஞ்சைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடுகிறது, வெளியே வந்தவன் பழைய அளவையே எடுக்கிறான், மூச்சு நின்றுபோகிறது. இதைத் தாய்மாருக்குச் சொல்லும்போது நான் சுற்றி வளைப்பதில்லை. "அம்மா, முதல் பதினாலு நாள் அவன தனிய விடாதீங்க. கதவத் தாள்போட விடாதீங்க" என்று சொல்வேன். "அவன் திருந்திட்டான் மிஸ்" என்பார்கள். திருந்தியவனுக்குத்தான் இந்த அபாயம் கூட, ஏனென்றால் அவன் உடம்புதான் சுத்தமாக இருக்கிறது.

தூள் பழக்கமே இல்லாதவர்களையும் அந்த முதல் நாட்கள் ஆட்டிவைக்கும். சனநெரிசலான வாட்டில் மல்லாந்து படுக்க இடமிருக்காது. ஒருக்களித்து, முன்னால் படுத்தவனின் முதுகைப் பார்த்தபடி இரவு கழியும். வீட்டுக்கு வந்து அகலமான பாயில் படுத்தாலும் உடம்பு சுவரோரமாக ஒருக்களித்தே கிடக்கும். மாலை ஐந்தரை ஆனால் சிலருக்குக் கால் தரிக்காது. கூண்டு பூட்டும் நேரம் அது. ஒரு தம்பி எங்கள் அலுவலகத்துக்கு வந்து கதவுக்கு முன்னால் நிற்பான். பூட்டாத கதவு. உள்ளே இருந்து யாராவது திறக்கும் வரைக்கும் கையை வைக்க மாட்டான். கதவைத் தானே தள்ளித் திறக்கும் உரிமை தனக்கு இருப்பதை அவன் கை மறந்திருந்தது. கூட நின்று, கதவுப் பிடியில் அவன் கையை வைக்கச் சொல்லி, திறந்து மூடி, திறந்து மூடிப் பழக்கினோம்.

அவனுடைய கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அவன் அனுமதி தந்திருக்கிறான்.

சிலாபத்துக்கு வடக்கே கடற்கரைப் பிள்ளை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டான், பிறகு தூள். 2022இல் சமையல் எரிவாயுவுக்கு நாடே வரிசையில் நின்ற நாட்களில், ஒரு சிங்களப் பெண்ணின் சாப்பாட்டுக் கடைப் பின்புறத்திலிருந்து நிரம்பிய சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் விற்றான். அந்தப் பெண் தனியாளாகக் கடை நடத்தி இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைப்பவர். எத்தனையோ நாள் வரிசையில் நின்று வாங்கிய சிலிண்டர். கடை மூடிக் கிடந்தது. அவர் காளி கோயிலுக்கு வந்தார், தேங்காய் உடைத்தார். எடுத்தவன் யாரென்று அயலில் சொல்லியிருந்ததால் பெயர் சொல்லியே உடைத்தார். அவன் வேறொரு களவில் பிடிபட்டு, இதையும் ஒப்புக்கொண்டு உள்ளே போனான்.

சிறைக்குள் அவனுக்கு உடம்பெல்லாம் சொறி வந்தது. நெரிசலான இடத்தில் அது சாதாரணம். சிறு உண்ணி தோலுக்குள் புகுந்து இரவில் ஊரும் நோய். ஆனால் அவனுக்கு யாரோ தேங்காய் உடைத்த செய்தி எட்டியிருந்தது. "மிஸ், இது காளி தந்தது. மருந்து பூசினாப் போகாது" என்றான். இரவு நித்திரையில்லை, நித்திரையில்லாததால் பழைய நினைவு, பழைய நினைவு வந்தால் தூள் நினைவு. என் வேலை அந்தச் சொறியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. காளி இல்லை என்று நான் சொல்லவில்லை. அது என் வாயில் வராது. மருந்தைக் கழுத்திலிருந்து கால்விரல் வரை பூச வேண்டும், வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும், உடுப்பும் பாயும் கொதிநீரில் போட வேண்டும் என்று மட்டும் பிடிவாதமாக நின்றேன். அம்மாவும் தங்கையும் சேர்ந்து பூசினார்கள். சில கிழமைகளில் தோல் ஆறியது. நித்திரை வந்தது. முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஒரு நாள் தானாகவே சொன்னான்: "சொறி போயிட்டு மிஸ். சாபம் போகல்ல."

கடைக்குப் போக வேண்டும் என்றான். நான் முதலில் தனியாகப் போய் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். வரலாம், வரக்கூடாது என்று தீர்மானிக்க வேண்டியவர் அவர். நெடுநேரம் ஒன்றும் பேசாமல் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். பிறகு, "வரச் சொல்லுங்க. சாப்பாடு விற்கிற நேரத்தில வேணாம், பின்னேரம்" என்றார்.

அவர்கள் பேசியது சிங்களத்தில். எங்கள் கரையில் எல்லோருக்கும் இரண்டு பாஷையும் ஓடும். அவன் வாசலுக்கு வெளியே நின்று, "அக்கே, நான்தான் எடுத்தேன்" என்றான். "தெரியும்" என்றார். "காளியம்மாகிட்ட உன்ட பேரைத்தான் சொன்னேன். இன்னும் சொல்லட்டான்னு யோசிக்கிறேன்." அவன் ஐந்நூறு ரூபா நீட்டினான். அவர் வாங்கி எண்ணி, சாமான் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினார். "சனிக்கிழமை சனிக்கிழமை கொண்டுவா" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவன் அழவும் இல்லை. நான் பயிற்சியில் படித்த சமரசக் காட்சி எதுவும் அங்கே நடக்கவில்லை. ஒரு கணக்குத் திறக்கப்பட்டது, அவ்வளவுதான்.

சனிக்கிழமைகள் நடந்தன. ஒரு சனிக்கிழமை அவனிடம் காசில்லை, போகவில்லை. அந்தப் பின்னேரமே அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அவன் எங்க மிஸ்?" என்றார். விடிகாலையில் கரைவலைச் சம்மாட்டி கேட்ட அதே கேள்வி. மறு சனிக்கிழமை அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றபோது ஏசினார்: "காசில்லாட்டி வரக்கூடாதுன்னு யார் சொன்னது? வந்து இல்லன்னு சொல்லிட்டுப் போ, மல்லி." அன்றுதான் முதல் முறையாக மல்லி என்று கூப்பிட்டார். தம்பி என்று.

எத்தனை சிகிச்சை முறை படித்திருந்தும், ஒருவனை ஒரு குறித்த நாளில், குறித்த நேரத்தில், பெயர் சொல்லி எதிர்பார்க்கும் ஒரு மனிதருக்கு ஈடான மருந்தை நான் கண்டதில்லை. அந்த மனிதர் நல்லவராக இருக்க வேண்டியதில்லை, அன்பாகப் பேச வேண்டியதில்லை. வராவிட்டால் கவனிக்க வேண்டும். பொஸ்டனில் அந்தத் தொழிலாளி கொடுத்ததும் அதைத்தான். இங்கே அதைக் கொடுத்தவர் களவு கொடுத்தவரேதான். அவன் கை முறிய வேண்டும் என்று கேட்டவரேதான்.

கணக்கு முடிந்த பிறகு அவர் அர்ச்சனைத் தட்டோடு காளி கோயிலுக்கு வந்தார். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கிறேன் என்று சொல்லிப் பூசை செய்வித்தார். சாபம் போட வழியிருக்கும் கோயிலில் அதை எடுக்கவும் வழி இருக்கிறது; சாமானைத் திருப்பிக் கொடுத்தால், கடனைக் கட்டினால், எழுப்பியதை இறக்கி வைத்துவிட்டுப் போகலாம். இந்தக் கோயிலைப் பற்றி வெளியூரில் பேசப்பட்டதெல்லாம் பலியைப் பற்றித்தான். 2011 செப்டம்பரில் ஓர் அமைச்சர் ஆட்களோடு வந்து, பலிக்கு நின்ற ஆடு கோழிகளை ஏற்றிக்கொண்டு போனார். பிறகு வழக்குகள் நடந்து பலி நின்றது. ஆடு கோழிகளுக்காகப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின, அதில் பிழையில்லை. ஆனால் மகனுக்குப் பிணை கிடைத்தால் சேவல் தருகிறேன் என்று நேர்ந்துவிட்டு அந்த வளவில் உட்கார்ந்திருந்த தாய்மாரைப் பற்றி ஒரு பத்தி வந்ததாக நான் காணவில்லை. பலி நின்ற பிறகும் அந்தத் தாய்மார் வருகிறார்கள். இப்போது என்னிடமும் வருகிறார்கள்.

காளி தன் கணக்கை மூடிவிட்டாள். நாட்டின் கணக்கு மூடவில்லை. அவனுக்கு வெளிநாட்டுக் கப்பலொன்றில் சமையல் உதவியாள் வேலைக்கு ஆள் எடுப்பதாகச் செய்தி வந்தது, பொலிஸ் அறிக்கை கேட்டார்கள், அத்தோடு சரி. நகரத்தில் ஒரு களஞ்சியசாலையிலும் அதே. திருவிழா நெருங்கினால் பழைய பெயர்ப் பட்டியலை வைத்து வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். முன்னேஸ்வரத் தேரைப் பார்க்கவும் தெதுரு ஓயாத் தீர்த்தத்துக்குப் போகவும் அவனுக்குப் பயம். நீதவான் எழுதிய தண்டனைக்குக் கடைசித் தேதி இருந்தது. அதற்குப் பிறகு ஊர் எழுதிய தண்டனைக்கு இல்லை. இங்கிலாந்தில் 1974இலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: சிறு குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்து, குறித்த ஆண்டுகள் வேறு குற்றமில்லாமல் இருந்தவனின் பழைய தீர்ப்பு காலாவதியாகும், பெரும்பாலான வேலைகளுக்கு அதை அவன் சொல்ல வேண்டியதில்லை. கொலையையும் சிறுவர் துஷ்பிரயோகத்தையும் மறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒரு சிலிண்டருக்காக, இருபது வயதில் செய்ததற்காக, நாற்பது வயதிலும் அவன் வாசலில் நிற்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன். இந்த நாட்டுக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும். கூட்டங்களில், கடிதங்களில், சந்திக்கும் ஒவ்வொரு சட்டத்தரணியிடமும் இதைச் சொல்லி வருகிறேன்.

அது வரும்வரை வேலை நாமே தேட வேண்டும். வாடைக்காலத்தில் கடல் அமைதி. உடப்புப் பக்கம் இன்னும் கையால் இழுக்கும் ஒரு வலையில் அவனைச் சேர்த்துவிட்டோம். சித்திரை கழிந்து கச்சான் காற்றுத் தொடங்கினால் அந்த வேலை இல்லை. அந்த மாதங்களுக்காக, மாதம்பைப் பக்கத்தில் ஒரு தும்பு ஆலை முதலாளியைப் போய்ப் பார்த்தோம். பொலிஸ் அறிக்கை கேட்கப் போவதில்லை என்றார். சம்பளத்தில் பாதியை அம்மா கையில் கொடுப்பேன், கிழமைக்கு ஆறு நாள், சனிக்கிழமை பூராவும் வேலை என்றார். மூன்றுக்கும் தலையாட்டுவான் என்று எதிர்பார்த்து நான் அவனைப் பார்த்தேன்.

"சனிக்கிழமை பின்னேரம் மட்டும் விடுங்க முதலாளி" என்றான். "சிலாபத்தில ஒரு கடைக்குப் போகணும்."

கடன்தான் முடிந்துவிட்டதே என்று நான் சொல்லவில்லை. முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு மணிக்குப் போகலாம், அதற்குப் பதிலாக ஞாயிறு காலையில் மில் வளவைக் கூட்ட வரவேண்டும் என்றார். திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது.